வசனமா, இசையா?

கேள்வி: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைத் தூக்கி நிறுத்தியது சிவாஜியின் வசனமா, ஜி.ராமநாதனின் இசையா? தறி ஓடும் நேரமெல்லாம் எங்களுக்குள் இதே சண்டை!
- நெசவாளர் நண்பர்கள், பிள்ளையார்பாளையம்

பதில்: உங்கள் சண்டையை கெய்ரோவிலேயே தீர்த்துவிட்டார்கள். 1960-இல் அங்கே நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் சிவாஜி, சிறந்த இசையமைப்பாளர் ராமநாதன். இருவருக்கும் விருது! கோர்வைச் சேலை நெய்ய இரண்டு ஆள் வேண்டும் என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

சக்தி கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி பேசிய வசனம் ஊருக்கே மனப்பாடம். போர்க்காட்சிகளுக்காக ஜெய்ப்பூர் வரை போனார் இயக்குநர் பந்துலு. குதிரைப்படை திரையை நிறைத்தது. ஆனாலும் என் ஓட்டு ராமநாதனுக்குத்தான். வாளும் பீரங்கியும் முழங்கும் படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ், சுசீலா குரல்களில் ஒரு நிலாப் பாட்டு வைத்தாரே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? பாட்டெழுதிய கு.மா.பாலசுப்பிரமணியத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அது அநியாயம். கர்நாடக ராகங்களைச் சினிமாவுக்குள் அவ்வளவு இயல்பாகக் கொண்டுவந்த ராமநாதன் 1963-லேயே போய்விட்டார்.

அடுத்த முறை படம் போட்டால் வசனத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பின்னணி இசையைக் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.