நெருப்பெரிச்சல் செர்வாந்தேஸ்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் எழுத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் அது பத்திர எழுத்துக்கு. பத்திரப்பதிவு அலுவலகம் இருக்கிற ஊர். இன்னாருடைய குமாரர் இன்னார் என்று ஆரம்பித்து, நான்கு எல்லைகளையும் சுற்றிக் காட்டி, மூன்றாம் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைக்கிறவரே இங்கே எழுத்துக்காரர். அவருக்குப் போட்டியாக இப்போது இன்னொரு ரகம் கிளம்பியிருக்கிறது. பகலில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். இரவு ஒன்பதரைக்கு மேல், ஏதோ ஒரு கல்லூரியின் ஆன்லைன் வகுப்பில் ஸ்பானிஷ் 'மேல்நிலை எழுத்துத் திறன்' மாணவர்.

மெர்ச்சண்டைசர் என்பவர் ஆர்டர் தரும் பையருக்கும் தைக்கும் பவர் டேபிளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். பையர் "லேப் டிப் எங்கே?" என்று சாய மாதிரியைக் கேட்பார். சாயப்பட்டறைக்காரர் "நாளைக்குப் போட்டுர்லாமுங்க" என்பார். ஸாராவை நடத்தும் இண்டிடெக்ஸ் ஸ்பெயினின் கலீசியாவில் இருக்கிறது, மாங்கோ பார்சிலோனா பக்கம். இந்தப் பெயர்களை டீக்கடையிலேயே கேட்டு வளர்ந்த ஊரில், 'அவங்க பாஷையிலயே எழுதிப்போட்டா ஆர்டர் கொட்டுமே' என்று ஒருவருக்குத் தோன்றியதில் தப்பில்லை. பேசக் கற்பவர்கள் 'ஓலா'வோடு நின்றுகொள்வார்கள். நம்மவர் எழுதியே தீருவேன் என்று இறங்கியவர். எழுத்தாளர் செர்வாந்தேஸ் பெயரில் 2009 முதல் டெல்லியில் இயங்கும் ஸ்பானிஷ் நிறுவனம் 'டெலே' தேர்வை நடத்துகிறது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படி. இவர் நான்காவது படியில் ஒரு காலை வைத்திருக்கிறார். இன்னொரு கால் செக்கிங் டேபிளில்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வாட்ஸப் பாருங்கள். ஸ்பானிஷில் கேள்வி ஆரம்பிக்கும்போதே தலைகீழாக ஒரு கேள்விக்குறி போட வேண்டும்; 1754-இல் அவர்களுடைய மொழிக் கழகம் கொண்டுவந்த விதி. நம்மவர் அதைக் காம்பாக்டிங் யூனிட்டுக்கும் போடுகிறார். "ரோல் ரெடியா?" என்பதற்கு முன்னால் ஒரு குறி குப்புறத் தொங்கும். அந்தப் பக்கத்து அண்ணன் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, டிஸ்ப்ளே போய்விட்டது என்று கடைக்குக் கொண்டுபோகிறார்.

கணக்கில் இன்னும் மோசம். ஸ்பெயின்காரர்கள் நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளி வைப்பார்கள், புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி. பழக்கதோஷத்தில் ஜாப் ஒர்க் சீட்டில் "1.500 பீஸ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தைக்கிறவர் நேரே வந்து நின்றார். "ஒண்ணரை பீஸுங்களா? அந்த அரை பீஸுக்கு எந்தக் கைய வெக்கறதுங்க?"

இலக்கணத்தில் மட்டும் இவரை யாரும் அசைக்க முடியாது. ஸ்பானிஷில் நடந்ததையும் நடப்பதையும் உறுதியாகச் சொல்ல ஒரு வினைவடிவம். ஆசை, சந்தேகம், வேண்டுகோள் என்றால் வேறு வடிவம். அதற்கு ஸுப்ஹுன்டிவோ என்று பெயர். 'சரக்கு வந்து சேரும்போது' என்று எழுதினால்கூட, இன்னும் வரவில்லை அல்லவா, இந்த இரண்டாவது வடிவத்தில்தான் எழுத வேண்டும். உலகம் முழுக்க மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. நம்மவர் ஒரே வகுப்பில் பிடித்துக்கொண்டார். ஷிப்மெண்ட் தேதியை இத்தனை வருஷமாக அந்த வடிவத்தில்தானே சொல்லி வருகிறார்!

அடுத்த பாடம், கருத்துக் கட்டுரை. தலைப்பு, மலிவுத் துணியும் சுற்றுச்சூழலும். மற்ற மாணவர்கள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் நொய்யல் ஆற்றைப் பற்றியும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பற்றியும் பொங்கி எழுதினார். 'அவசரத்துக்குத் தைத்து, அவசரத்துக்கு வீசும் உலகம் திருந்த வேண்டும்' என்ற வரியில் இருந்தபோது போன் அடித்தது. எடுத்து, "அண்ணா, கையைக் காலைப் புடிச்சாவது காலைக்குள்ள டையிங் முடிச்சுக் குடுத்துருங்கண்ணா" என்று கெஞ்சிவிட்டு, அடுத்த வரியைத் தொடர்ந்தார். ஆசிரியை ஓரத்தில் எழுதி அனுப்பினார்: தகவல் ஏராளம், இணைப்புச் சொற்கள் போதாது.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. "சோறுண்ண வா கண்ணு" என்று அம்மா கூப்பிட்டால், "பசியில்லைம்மா. இருப்பினும் நேரமாகிவிட்டது. ஆகையால் போடுங்கள்" என்கிறார். அம்மா திருநீறு எடுத்து வந்தார்.

இத்தனையும் எதற்காக? அந்த ஒரு கடிதத்துக்காக. ஷிப்மெண்ட் ஏன் தள்ளிப்போகிறது என்று பையருக்கு ஸ்பானிஷில் விளக்கும் கடிதம். விளிக்குப் பின் காற்புள்ளி வைக்காமல் முக்காற்புள்ளி வைத்து, மழையையும் மின்வெட்டையும் பிரின்டிங் பட்டறையையும் தனித்தனிப் பத்தியில் நிறுத்தி, தாழ்மையான வணக்கத்தோடு முடித்தார். இந்த விஷயத்தில் நான் இவர் கட்சி. திருப்பூரில் சாக்குச் சொல்லாத மெர்ச்சண்டைசர் கிடையாது; சாக்கை இலக்கணச் சுத்தமாகச் சொல்ல மெனக்கெட்டவர் இவர்தான். பையரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரே வரி பதில் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

இன்னொரு கடிதம் ஆகஸ்டில் அனுப்பினார். பாதி ஸ்பெயின் கடற்கரையில் கிடக்கும் மாதம். பதில் உடனே வந்தது, அதுவும் ஸ்பானிஷில், நான்கு வரி! அகராதி பார்க்காமலே படித்துவிட்டேன் என்று ஆபீஸ் முழுக்க வாசித்துக் காட்டினார். முதலாளி கேட்டார், "என்னங்க தம்பி சொல்லுது?"

"லீவுங்கண்ணா. செப்டம்பர்ல வர்றாங்களாமா. மெஷின் போட்ட பதிலுங்க. ஆனா எழுத்து சுத்தமா இருக்குதுங்க."

டெலே சான்றிதழ் ஒருமுறை கையில் வந்துவிட்டால் அதற்குக் காலாவதி கிடையாது. எல்லாவற்றிலும் கடைசித் தேதி பார்த்தே நரை கண்டவருக்கு அந்த ஒரு செய்தி போதும். தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டார், லீவும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய கம்பெனியிலிருந்து உங்களுக்குச் சரக்கு ஏதும் வர வேண்டியிருந்தால், அதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.