சைட்டேஷன் சார்

காலையில் மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் இவரைப் பார்க்கலாம். பக்கத்து இருக்கைக்காரர் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். இவர் கூகுள் ஸ்காலர் பார்ப்பார். மீஞ்சூரில் 412 என்று இருந்த தன் கட்டுரைகளின் சைட்டேஷன் (மேற்கோள்) எண்ணிக்கை கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் 413 ஆகிவிட்டால், அன்று டிபார்ட்மென்டில் எல்லாருக்கும் டீ இவர் கணக்கு. 411 ஆகிவிட்டாலோ, யாரும் லீவு லெட்டர் நீட்டக் கூடாது.

தொழில், மருத்துவ ஆராய்ச்சி. கல்லூரிக்கு ஒருவராவது இப்படித் தேறுவார் என்பதால் பெயர் வேண்டாம். சைட்டேஷன் சார் என்றால் போதும்.

மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் ‘எம்.டி., பிஎச்.டி., எச்-இண்டெக்ஸ் 14’ என்று அச்சடிக்கச் சொன்னவர். மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “சம்பந்தி, கடைசியில போட்டிருக்கறது வியாதி ஒண்ணும் இல்லையே?” என்று விசாரித்தார்.

வியாதி இல்லை, கணக்கு. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 2005-இல் கலிஃபோர்னியாவிலிருந்து கிளப்பிவிட்டது. நீங்கள் எழுதியதில் 14 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 14 பேர் மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் எண் 14. ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதை ஐயாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் எண் ஒன்றுதான். இதைப் படித்த நாளிலிருந்து சார் எதையும் ஒரே கட்டுரையில் முடிப்பதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலை வாசல். தொழிலாளர்கள் வரிசையில் நின்று, மூக்கில் கிளிப் மாட்டி, குழாயில் மூச்சை ஊத, சார் நுரையீரலை அளக்கிறார்.

“போன வருசமே ஊதினேனே சார்?”

“அது பகல் ஷிப்ட் பேப்பர்ப்பா. இது நைட் ஷிப்ட்.”

“நான் ரெண்டு ஷிப்டும் பாக்கறேனே?”

சாரின் கண்கள் பளிச்சிட்டன. “அப்படியா! நீ இந்த வரிசையை விட்டு வெளிய வா. உனக்குத் தனிப் பேப்பர்.”

சைட்டேஷன் விஷயத்தில் சார் வைத்திருப்பது சுத்தமான மொய்க் கணக்கு. யார் எத்தனை வைத்தார்கள், யாருக்குத் திருப்ப வேண்டும் என்று எக்செல்லில் வரவு செலவு உண்டு. “சேலத்துக்காரர் மூணு வச்சிருக்காரு. நாம ஒண்ணுதான் திருப்பியிருக்கோம். இந்தப் பேப்பர்ல ரெண்டைச் சேத்துடும்மா” என்றார் ஆராய்ச்சி மாணவியிடம்.

“சார், அவரோடது எலியோட ஈரல். நம்மளது தொழிலாளியோட நுரையீரல்.”

“ரெண்டுலயும் ஈரல் இருக்கில்ல?”

அந்தப் பெண் ஒருநாள் பொறுக்காமல் லாரியின் கதையைச் சொன்னாள். லாரி, அமெரிக்காவில் ஒரு பாட்டி வளர்க்கும் பூனை. ஆராய்ச்சி மோசடிகளைத் துப்புத் துலக்கும் இருவர், 2024-இல் அதன் பெயரில் அர்த்தமில்லாத கட்டுரைகளை இணையத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலர் பூனைக்குக் கொடுத்த கணக்கு: 12 கட்டுரை, 132 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 11.

“பதினொண்ணுதானே?” என்றார் சார் நிம்மதியாக. “நம்மளைவிட மூணு கம்மி.”

சாரின் எல்லாக் கட்டுரைகளும் திருவள்ளூர் வட்டாரத்து பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வை மேற்கோள் காட்டித்தான் தொடங்கும். அவள் அதைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள்.

“சார், 209 கிராமம், ஒன்பது டவுன், மூன்றரை லட்சம் பேருக்கு மேல. 68-லேர்ந்து 71 வரைக்கும் ஊசி போட்டு, பதினஞ்சு வருசம் விடாம வீடு வீடாப் பாத்திருக்காங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கலேன்னு 79-லேயே முதல் அறிக்கை. 99-ல வந்த கடைசி அறிக்கையும் அதையேதான் சொல்லுது.”

“தடுக்கலேன்னா வந்துச்சு? அதையா பப்ளிஷ் பண்ணாங்க?”

“ஆமா சார். உலகம் பூரா இன்னிக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டறாங்க. நாமகூட.”

சார் நீண்ட நேரம் யோசித்தார். “முதல் அறிக்கைக்கு முதல் ஆத்தர் யாரு?”

“ஆள் பேரே இல்ல சார். ‘காசநோய்த் தடுப்பு ஆய்வு’ன்னு திட்டத்தோட பேர்தான் இருக்கு.”

“பேரே இல்லையா?” சார் பதறிப்போனார். “அப்ப புரமோஷனை யாருக்கும்மா குடுத்தாங்க?”