பாகப்பிரிவினை

இளையராஜா பண்ணைப்புரத்தில் பிறந்தாலும் பிறந்தார், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஓர் இசையமைப்பாளர் வெளிவராமல் இருக்கிறார். கூடலூரில் ஒருவர், சின்னமனூரில் ஒருவர், தேவாரத்தில் ஒருவர். பகலில் திராட்சைத் தோட்டமோ மொபைல் கடையோ பார்ப்பார். இருட்டினால் மாடியறைக்கு ஏறிவிடுவார். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த முட்டைகளை ஒரு மாதம் ஆம்லெட்டாகத் தின்றுதீர்த்த வீட்டாரிடம் அதை எப்படிச் சொல்வது?

அவர்களில் ஒருவரான நம்மவர் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் போன தைப்பொங்கலுக்கு வந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. ஓஎஸ் மட்டும் வெகுநாள் போடவில்லை. "அவசரப்படக் கூடாதுண்ணே. அடித்தளம் முக்கியம்" என்பார்.

அந்த அடித்தளத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. முல்லைப் பெரியாற்றில் 300 கன அடி திறந்தால் பாசனத்துக்கு 200, குடிதண்ணீருக்கு 100 என்று பிரிப்பார்களே, அந்தக் கணக்காக ஒரு டிபி டிஸ்க்கைப் பார்ட்டிஷன் பார்ட்டிஷனாகப் பங்கு வைத்திருப்பார். விண்டோஸுக்கு 200 ஜிபி. வீணை, தவில் சாம்பிள்களுக்கு 500. மிச்சம் பாட்டுகளுக்கு. மறுநாள் தவில் பங்கில் 50 ஜிபியை அடித்து விண்டோஸுக்கு எழுதுவார். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் அண்ணன் தம்பிகள்கூட இத்தனை முறை வரப்பை மாற்றியதில்லை.

பங்கு முடிந்தால் எந்த ஓஎஸ் என்ற பஞ்சாயத்து. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. 11 போட்டால், பாட்டுப் பதிகிற நேரம் பார்த்து அப்டேட் வந்து நிற்குமோ என்று பயம். உபுண்டு ஸ்டூடியோ காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸின் சாப்ட்வேர் அதில் ஏறாது. சரி, இரண்டையும் போடலாம் என்றால், "ரெண்டு சம்சாரம் கட்டினவன் வீடு மாதிரிண்ணே, எது எப்பக் கதவைச் சாத்தும்னு தெரியாது."

அவருடைய பரம விரோதி லேட்டன்சி. கீபோர்டில் கட்டையை அழுத்தியதற்கும் காதில் சத்தம் விழுவதற்கும் நடுவே உள்ள தாமதம். சத்தம் தங்கிப் போகும் பஃபரை 128 சாம்பிளாக வைத்தால், நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம், அதற்கு மட்டும் மூன்று மில்லி செகண்ட் ஆகும். அந்த நேரத்தில் சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போய்விடும். நான் சொன்னேன்: "திருவிழாவுல நாயனக்காரருக்கு ரெண்டு மீட்டர் தள்ளித்தான் தவில்காரர் நிக்கிறார். ஆறு மில்லி செகண்ட். தாளம் என்ன தப்பியா போச்சு?"

"அவங்க நேர்ல வாசிக்கிறவங்கண்ணே. அது வேற."

1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்ததே, அப்போது எந்தப் பார்ட்டிஷன் இருந்தது என்றேன்.

"அப்ப டேப்புண்ணே. டேப்புக்கு டிரைவர் தேவையில்ல."

இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஒரு விஷயத்தில் பொறாமையும் உண்டு. என்னைப்போல் அரைகுறையாய் எதையாவது செய்து அசிங்கப்பட்டது கிடையாது. போடாத மெட்டை யாரால் குறை சொல்ல முடியும்?

போன வாரம் கூப்பிட்டு அனுப்பினார். ஓஎஸ் போட்டாயிற்றாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்க்ரீனில் ஃபைல்கள் வரிசையாக: டெஸ்ட் 1, டெஸ்ட் 2, டெஸ்ட் 47 வரை. ஹெட்போனை என் தலையில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டினார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்." பிறகு குக்கர் இரண்டு விசில். பிறகு கீழேயிருந்து அவர் அம்மா, "ஏண்டா, வெஞ்சனத்துக்கு ஏதாச்சும் வாங்கியாந்தியா, இல்ல அந்தப் பொட்டியவே பொரிக்கவா?"

அந்தம்மாவின் குரல் அத்தனை துல்லியம். எதிரே இடுப்பில் கைவைத்து நிற்பதுபோல் இருந்தது. அருமை என்றேன்.

நம்மவர் முகம் சுருங்கியது. "நல்லாக் கேளுங்கண்ணே. அடியில லேசா ஃபேன் சத்தம் ஓடுது." நோட்டைத் திறந்து, 200 என்பதை அடித்தார். "ஆடிக் காத்து அடங்கட்டும். மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்ருவோம்."