கொடுத்துவைத்த மாணவர்கள்

சேவைத்துறை மேலாண்மையும் மார்க்கெட்டிங்கும் படிக்க நம் ஊர் எம்.பி.ஏ. கல்லூரிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வகுப்பில் விட்டுப்போனதையெல்லாம் வராந்தாவில் செய்முறையாகக் காட்டிவிடும் பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?

சேவையின் தரத்தை அளக்க 1988இல் 'செர்வ்குவால்' என்ற அளவுகோலை மூன்று பேராசிரியர்கள் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவரான பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கண்ணுக்குத் தெரியும் வசதி, நம்பகம், உடனடிக் கவனிப்பு, உத்தரவாதம், பரிவு என ஐந்து கூறுகள். மொத்தம் 22 கேள்விகள். ஐந்திலும் நம் கல்லூரிகள் கரைகண்டவை.

வசதிக்கு என்ன குறை? கண்ணாடி முகப்பு, ஏ.சி. வரவேற்பறை, அட்மிஷன் சமயத்தில் காபி. தர மதிப்பீட்டுக் குழு வரும் வாரம் கழிவறையில் சோப்புகூட உண்டு. குழு போனதும் சோப்பும் போய்விடும். சேவையைச் சேமித்துவைக்க முடியாது என்று முதல் யூனிட்டிலேயே வருகிறதே!

நம்பகம்? ஜெட் ஏர்வேஸ் 2019இல் பறப்பதை நிறுத்திவிட்டது. பேராசிரியரின் ஸ்லைடில் இன்றுவரை ஒரு நாளும் தாமதமில்லாமல் பறக்கிறது.

உடனடிக் கவனிப்பைப் பார்க்க வேண்டுமானால் போனஃபைடு சான்றிதழ் கேட்டுப் பாருங்கள். பதினொன்றரைக்கு ஜன்னலில் நின்றால் "சார் லஞ்ச்." மூன்று மணிக்குப் போனால் "ஹெச்.ஓ.டி. கையெழுத்து எங்கே?" அதை வாங்கி வந்தால் "லைப்ரரி நோ டியூஸ் எங்கப்பா?" ஃபீஸ் பாக்கி என்றால் மட்டும் விடிவதற்குள் எஸ்.எம்.எஸ். வந்துவிடும். வாடிக்கையாளரை எப்போது நினைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் உண்டா?

உத்தரவாதம் பேனரிலேயே இருக்கிறது: நூறு சதவீதம் வேலை. 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்ற பட்டத்தோடு, வெயிலில் வீடுவீடாகப் போய் கிரெடிட் கார்டு விற்கும் பாக்கியம்.

பரிவு, பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. தாத்தா இறந்ததற்கு லீவு கேட்டவனிடம் "ப்ரூஃப் கொண்டு வா" என்ற துறைத்தலைவரே அதற்கு மாதிரி விடை.

மாணவர்களும் சளைத்தவர்களா? 'வாடிக்கையாளர் மனநிறைவு' பற்றிய புராஜெக்டுக்கு, ஹாஸ்டல் அறையில் ஒரே ராத்திரியில் நூறு வாடிக்கையாளர்களை நான்கு பேனாக்களால் படைத்துவிடுகிறார்கள்.

கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதே தரம் என்பது செர்வ்குவால் கணக்கு. கிடைப்பதைக் கூட்டினால் செலவு. எதிர்பார்ப்பைக் குறைக்கக் காலணா வேண்டாம். நான்காவது செமஸ்டருக்குள் அதைப் பூஜ்யமாக்கிவிடும் சாமர்த்தியம் அந்தப் பரசுராமனுக்கே தோன்றாதது. கருத்துப் படிவத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்றே எழுதுகிறார்கள். மேலே பதிவெண்ணும் எழுத வேண்டுமல்லவா!

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்குமுன் முகப்பைப் பார்த்தது போதும். அலுவலக ஜன்னலில் ஒரு மணிநேரம் நின்று பாருங்கள். இரண்டு வருடப் படிப்பும் அங்கேயே தெரிந்துவிடும், ஃபீஸும் மிச்சம்.