சியாட்டிலில் ஒரு சால்மன் யோகம்

கேள்வி: கோடையில் சியாட்டிலில் மகன் வீட்டுக்குப் போகிறேன். கயாக்கில் போய் சால்மன் பிடிக்கலாம் என்கிறான். நம்பிப் போகலாமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். ஒற்றைப்படை வருஷமென்றால் உங்களுக்கு யோகம். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடலில் பிங்க் சால்மன் கூட்டம் கூட்டமாக வருவது அந்த வருஷங்களின் ஆகஸ்ட் வாக்கில்தான். அதன் ஆயுளே 2 வருஷம். முட்டையிட ஆற்றுக்குப் போகிற வழியில் உங்கள் தூண்டிலில் சபலப்படும்.

சினூக் என்கிற இன்னொரு வகை சால்மன் மாட்டினால்தான் வம்பு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி போல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பகத்தில் பிறந்த மீன். அனுமதித்த இடத்தில், அனுமதித்த நாளில் சட்டிக்குப் போகலாம். முழுசாக இருந்தால் இயற்கையாகப் பிறந்ததாகவே கணக்கு. பெரும்பாலும் படகுக்குள் தூக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஆடுகிற கயாக்கில், பைஃபோகல் கண்ணாடி வழியாக இந்தப் பரிசோதனை! முடிவதற்குள் சீல் வந்து கவ்விக்கொண்டு போனாலும் போகும். அதனிடம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை; உங்களிடம் கேட்பார்கள்.

ஆகஸ்டிலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை போட்டோவுக்கு மட்டும் மாட்டாதீர்கள். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்றால், மீன்பிடி கயாக்கில் பெரும்பாலும் ஒரே சீட்டுதான்.