பிப்ரவரித் திணை: ஓர் இலக்கணம், உரையுடன்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மனநிலையைப் பட்டா போட்டுக் கொடுத்த முன்னோர், தென்கோளத்தில் மெல்போர்ன் என்றொரு ஊர் வரப்போவதை அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தால் ஆறாவதாக ஒரு திணை வகுத்திருப்பார்கள். புள்ளிப் பட்டியலில் சேராத, பரிசில்லாத ஒரு கால்பந்துப் பயிற்சி ஆட்டத்தைப் பிப்ரவரிக் கடைசியில் பார்த்துவிட்டு, வேலைவெட்டி உள்ள பெரியவர்கள் நள்ளிரவுவரை அதையே பேசிக்கொண்டிருக்கும் நிலை வேறெந்தத் திணையிலும் அடங்காது. அக்குறையை நீக்குவதே இந்நூலின் பயன். கேட்போர் யாரெனின், பிற அணி ரசிகர்கள். தம்மைப் பற்றிய இலக்கணத்தை எவரும் ஏற்கமாட்டார். அடுத்தவரைப் பற்றியது என்றால் ஆர்வமாகக் கேட்பார்.

ஆட்டம் அறியாதோருக்கு ஒரு சொல். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, உள்ளூர்ப் பேச்சில் ஃபுட்டி, பக்கத்துக்கு 18 பேர் ஆடுவது. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிரண்டுக்கு இடையில் உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. குறி தவறியவனையும் வெறுங்கையோடு அனுப்பாத ஆட்டம் இது. உயர்நிலைப் போட்டியான ஏஎஃப்எல்லில் 18 அணிகள். அவற்றில் பத்து விக்டோரியா மாநிலத்தவை. மார்ச்சில் தொடங்கி, வழக்கமாகச் செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமையில் முடியும். வென்றவர்க்குக் கொடி. கடைசியில் நின்றவர்க்கு மரக்கரண்டி. அதை யாரும் கையில் தருவதில்லை, ஆனால் வருடம் முழுக்கச் சுமக்க வேண்டும்.

இனி முதற்பொருள். நிலம் எம்சிஜி அன்று. ஒரு லட்சம் பேர் அமரும் அந்தப் பெரிய அரங்கு பிப்ரவரியில் இன்னும் கிரிக்கெட்டின் பிடியில் இருக்கும். ஆகவே பயிற்சி ஆட்டங்கள் புறநகரின் பழைய மைதானங்களுக்கோ பல்லாரட் போன்ற வெளியூர்களுக்கோ போகும். பெரும்பொழுது முதுவேனில். நம் நாட்காட்டிக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே அதுவே சரி. சிறுபொழுது எற்பாடு, வெயில் மேற்குப் பக்கத்து ரசிகரின் பிடரியில் இறங்கும் நேரம். கம்பளி மஃப்ளர் இந்தத் திணைக்கு உரியதன்று. ஆயினும் முப்பத்தைந்து டிகிரி வெயிலில் அதைக் கழுத்தில் சுற்றி வருபவர் உண்டு; அவரைத் திணைமயக்கம் என்று கொள்க.

கருப்பொருள்: புள், கடற்காகம். உணா, தக்காளி சாஸ் ஊற்றிய மீட் பை. பறை, கால்பகுதி முடிவில் அலறும் சைரன். தொழில், நடுவரைத் திட்டுதல். தெய்வம், மைதான வாசலில் நிற்கும் பழைய மாவீரரின் வெண்கலச் சிலை. விட்டன் ஓவல் வாசலில் டெட் விட்டன், பன்ட் ரோடு வாசலில் ஜாக் டயர். உள்ளே ஆடுபவர்கள் சரியில்லாத ஆண்டுகளில் ரசிகர் இத்தெய்வங்களிடம் முறையிடுவது வழக்கம்.

உரிப்பொருள், நம்பலும் நம்பல் நிமித்தமும். இரங்கலே இதன் உரிப்பொருள் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. இரங்கல் ஜூலைக்கு உரியது.

இத்திணையின் தலையாய நூற்பா வருமாறு:

வெல்லினும் பொருளன்று தோற்பினும் பொருளன்று
துயிலோ அன்றிரவு இல்லென மொழிப.

இது என் நுதலிற்றோ எனின், பயிற்சி ஆட்டம் ஒரு வழுவமைதி என்பது உணர்த்துதல் நுதலிற்று. வழக்கமான விதிகள் இங்கே தளர்ந்து கிடக்கும். மாற்று ஆட்டக்காரர் பலகையில் வழக்கத்தைவிடக் கூடுதல் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நட்சத்திரங்கள் பாதி ஆட்டத்தோடு காலில் ஐஸ் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். பயிற்றுநர் தன் உண்மையான திட்டத்தை ஒளித்துவைத்து ஏதோ ஒன்றை ஆடவிடுவார், அல்லது திட்டமே இல்லாததை ஒளித்துவைப்பார். வேலிக்கு வெளியிலிருந்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 2003இல் இந்த முன்பருவ ஆட்டங்களுக்கென்றே ஒரு விதி வந்தது: ஐம்பது மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து கோல் போட்டால் 6 இல்லை, 9 புள்ளி. அவ்விதி இப்போது இல்லை; இருந்த காலத்தில் பருவம் தொடங்கியதும் ஒன்பது மறுபடி ஆறாகிவிடும். ஓர் ஆட்டத்தின் எண்கணிதமே மார்ச்சில் மாறியது என்றால் அதன் முடிவை வைத்து என்ன அறிய முடியும் என்று கேட்கலாம். கேட்டவர்கள் உண்டு. அவர்களும் அன்றிரவு தூங்கவில்லை.

அற்றேல், இவ்வாட்டங்களுக்கு ஒருகாலத்தில் கோப்பை இருந்ததே எனின், இருந்தது. 2013வரை முன்பருவக் கோப்பை ஒன்று நடந்தது. பிரிஸ்பேன் லயன்ஸ் கார்ல்டனை வென்று கடைசிக் கோப்பையை எடுத்துப் போனது. 2014 முதல் வெறும் ஆட்டங்கள்தாம். ஆனால் கோப்பைக் காலம் இலக்கண ஆசிரியர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டுகளை விட்டுச்சென்றது. 2000இல் எஸ்ஸென்டன் முன்பருவக் கோப்பையை வென்றது. பிறகு பருவம் முழுவதிலும் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்றுக் கொடியையும் பிடித்தது. 2005இல் கார்ல்டன் அதே கோப்பையை வென்றது. பிறகு பதினாறு அணிகளில் பதினாறாவதாக நின்று மரக்கரண்டியைப் பிடித்தது. முன்பருவம் எதிர்காலத்தைக் காட்டும் என்பார்க்கு முதலாவது இலக்கியம். காட்டாது என்பார்க்கு இரண்டாவது. கார்ல்டன் ரசிகர் இரண்டையும் மறுப்பார். 2007இல் மீண்டும் கோப்பையை வென்று பதினைந்தாவதாக முடித்தவர்கள் அவர்கள். ஓரிடம் முன்னேற்றம்.

இனி ரசிகர் வகை.

முதலாவது, கணக்கில்லை என்போர். "பயிற்சி ஆட்டம்தானே" என்பது இவர்களின் முதற்சொல், இடைச்சொல், கடைச்சொல். தோற்றபின் மட்டும் சொல்வோர், எப்போதும் சொல்வோர் என இவர் இரு திறத்தர். முன்னவரே தொகையில் மிகுந்தோர். வென்ற அன்று இவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள், அடுத்த வகைகளில் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பின்னவர் அரியர். அரியர் என்பதாலேயே ஐயத்துக்குரியர். அவ்வளவு சமநிலை உள்ளவருக்கு முப்பத்தைந்து டிகிரியில் புல்மேட்டில் என்ன வேலை?

இரண்டாவது, பையனைக் கண்டோர். விரித்துரைக்கத்தக்க வகை இதுவே.

ஒவ்வொரு நவம்பரிலும் டிராஃப்ட் நடக்கும். பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். வரிசை தலைகீழ்: கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு. இந்த ஏற்பாடு 1986இல் வந்தது. இதன் நோக்கம் அணிகளைச் சமப்படுத்துவது என்று சொல்வார்கள். நடைமுறையில் அது ரசிகரின் துன்பத்துக்கு வட்டி கட்டும் ஏற்பாடு. சென்ற ஆண்டு எவ்வளவு மோசமாகப் போயிற்றோ, அவ்வளவு உயர்ந்த பையன் வருவான். ஆகவே மெலிந்த அணியின் ரசிகர் பிப்ரவரியில் புல்மேட்டுக்கு வருவது ஆட்டம் பார்க்க அன்று, வட்டி வாங்க.

நிகழ்வது எப்போதும் மூன்றாம் கால்பகுதியில். மூத்தவர்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். எதிரணியும் தன் மூன்றாந்தர ஆட்களை இறக்கியிருக்கிறது. அப்போது நம் பையன், தோளில் இன்னும் சதை பிடிக்காதவன், களைத்துப்போன ஓர் எதிராளியின் முதுகின்மேல் ஏறிப் பந்தை வானத்தில் பிடிக்கிறான். ஒரே பிடி. அதன்பின் உதைத்த உதை குறி தவறி 1 புள்ளிக்குப் போகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. புல்மேட்டில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொடுகிறார். "பார்த்தீர்களா?" பார்த்தார். இருவரும் இனி மூன்றாண்டுக் காலம் அந்தப் பிடியின் வட்டியில் வாழ்வார்கள்.

இவ்வகையினரின் ஒப்புமை முறை தனியே நோக்கத்தக்கது. பையனை அணியின் பழைய மாவீரரோடு மட்டுமே ஒப்பிடுவார்கள். ஐந்தாண்டு ஆடிவிட்டுக் காணாமற்போன சராசரி ஆட்டக்காரரை ஒத்திருக்கிறான் என்று எவரும் சொல்வதில்லை, எண்ணிக்கைப்படி அதுவே நடக்க வாய்ப்பு மிகுதியானாலும். இவ்வளவு ஏமாற்றத்துக்குப் பிறகும் இவ்வினம் அழியாதிருப்பது ஏன் எனின், அவ்வப்போது கனவு பலித்துவிடுவதே காரணம். காலிங்வுட்டின் பீட்டர் டெய்க்கோஸ் 35ஆம் எண் சட்டையில் ஆடி 1990இல் கொடி வாங்கியவர். அவர் மகன் நிக், தந்தை ஆடிய கழகத்துக்கே மகன் செல்ல வழிசெய்யும் விதியின்கீழ் 2021 டிராஃப்டில் வந்து, அதே 35ஐ அணிந்து, 2023இல் கொடி வாங்கினார். ஒரு நாட்டு ரசிகர் கூட்டத்தின் புத்தியைக் கெடுக்க இது ஒன்று போதும்.

மூன்றாவது, முழங்கால் நோக்கிகள். இவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை. பிடியும் கோலும் இவர்கட்கு ஒரு பொருட்டல்ல. 18 பேர், 36 முழங்கால், அவ்வளவே ஆட்டம். யாரும் மோதாத இடத்தில் ஒருவன் தானாகத் திரும்பும்போது மடிந்து விழுந்து, முழங்காலைப் பற்றினால், இவர்கள் எழுந்து நிற்பார்கள். முழங்கால் தசைநாரின் பெயரான ஏசிஎல் என்ற மூன்றெழுத்தை வாயால் சொல்லமாட்டார்கள். அது போய்விட்டால் பெரும்பாலும் அந்த வருடமே போயிற்று என்று அறிவார்கள். அவன் எழுந்து நொண்டி, பிறகு ஓடி, பிறகு முழு வேகத்தில் ஓடும்வரை உரையாடல் நின்றிருக்கும். மற்ற வகையினர் இவர்களைச் சகுனம் பிடித்தவர்கள் என்று கேலி செய்வது வழக்கம். என் கருத்தில், பயிற்சி ஆட்டத்தில் உண்மையிலேயே நடக்கக்கூடிய ஒரே விஷயத்தைக் கவனிப்பவர்கள் இவர்கள்தாம். புள்ளிகள் அழிந்துபோகும், அறுந்த தசைநார் மார்ச்சிலும் அறுந்தே இருக்கும்.

நான்காவது, வேலியோர். நவம்பர் முதலே பயிற்சித் திடலின் வேலியைப் பற்றி நின்றவர்கள். யார் இரண்டு கிலோமீட்டர் ஓட்டச் சோதனையில் முதலில் வந்தார், யார் கோடையில் உடம்பை ஏற்றியிருக்கிறார், யார் தனியாக ஓரத்தில் ஓடுகிறார் என்பதெல்லாம் இவர்கட்கு மனப்பாடம். ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு அணியிலும் எல்லா ஆட்டக்காரரும் தம் வாழ்நாளின் சிறந்த உடற்கட்டில் இருப்பதாக இவர்களின் அறிக்கைகள் கூறும். வேலியோர்க்குப் பயிற்சி ஆட்டம் செய்தியன்று, சான்று. சான்று பொய்த்தால் ஆட்டத்தையே ஐயுறுவார்கள்.

ஐந்தாவது, பிரிந்தோரைக் காண்போர். அக்டோபரில் வேறு கழகத்துக்கு மாற்றப்பட்ட ஆட்டக்காரர் இப்போது எதிரணிச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பவர். இது பாலைக்கு உரியது, இங்கே விரிக்கவில்லை.

இத்தனையும் சொன்னபின் ஒன்று. மேற்கண்ட வகைகள் எல்லாம் ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டு முன்னையோர் வகுத்தவை. என் துணிபு வேறு. ஆட்டத்தில் ஒன்றுமில்லாதபோது ரசிகர் எதைக் கண்டு எதிர்வினை ஆற்றுகிறார்? தம் கழகத்தின் பழங்கணக்கை. ஒரே மாதிரியான நாற்பது புள்ளித் தோல்வியை வெவ்வேறு கழகத்தாரிடம் கொடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஜீலாங் ரசிகர் தோளைக் குலுக்குவார். 2007, 2009, 2011, 2022 என்று நான்கு கொடிகள் அவர் பின்னால் நிற்கின்றன. எஸ்ஸென்டன் ரசிகர் கத்துவார். 16 கொடி கண்ட கழகம், கடைசியானது 2000இல்; 2004க்குப் பிறகு 2025 பருவம் முடிய, பருவக் கடைசியில் நடக்கும் ஃபைனல்ஸ் ஆட்டங்களில் ஒன்றில்கூட வென்றதில்லை. அவருக்குப் பிப்ரவரித் தோல்வி பழைய நோயின் முதல் இருமல். செயின்ட் கில்டா ரசிகர் கத்தவும் மாட்டார், தோளைக் குலுக்கவும் மாட்டார். அவர் கழகத்தின் வரலாற்றில் கொடி ஒன்றே ஒன்று, 1966இல், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். 2010 இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் கம்பங்களை நோக்கி உருண்ட பந்து ஒன்று கோணலாகத் துள்ளி விலகியது. ஆட்டம் 68க்கு 68 என்று சமனாயிற்று. அடுத்த வாரம் திரும்ப ஆடியபோது தோற்றார்கள். அந்தத் துள்ளலைப் பார்த்த கண்களை ஒரு பயிற்சி ஆட்டம் என்ன செய்துவிடும்? அவர் மீட் பையை முடித்துவிட்டு, பையன் நன்றாக ஆடினான் என்று மட்டும் சொல்வார். நான் கண்டவற்றுள் மிக ஆபத்தான நம்பிக்கை அதுதான்.

புறனடை. எல்லா இலக்கணத்துக்கும் பிடிபடாத ஒன்று எஞ்சும். டாஸ்மேனியா மாநிலத்துக்கு ஓர் அணி தருவதென்று முடிவாகி, 2028இல் களம் இறங்குவதாக ஏற்பாடு. 2024 மார்ச்சில் டெவில்ஸ் என்ற பெயரையும் சட்டை நிறத்தையும் அறிவித்து, பத்து டாலருக்கு உறுப்பினர் சேர்க்கையைத் திறந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அப்போது அந்த அணிக்கு ஏஎஃப்எல் ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. அரங்கம் கட்டுவதா வேண்டாமா என்று மாநிலமே சண்டையிட்டுக்கொண்டிருந்தது. பயிற்சி ஆட்டம் எங்கே, பயிற்சியே இல்லை. நிலம் இல்லை, பொழுது இல்லை, புள் இல்லை, பறை இல்லை. உரிப்பொருள் மட்டும் இரண்டு லட்சம் தலை. முதல், கரு, உரி ஆகிய மூன்றனுள் உரியே சிறந்தது என்பது மரபு. அம்மரபின் துணைகொண்டு இவர்களையும் இத்திணையிலேயே அடக்கினேன். ஏற்காதோர் 2028 பிப்ரவரியில் வந்து வாதிடுக.