குண்டு புக்கும் பத்துக் குற்றமும்

தோற்றுவாய்

ஒரு நூல் எப்படி இருக்கக் கூடாது என்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் பத்துக் குற்றங்களை வகுத்து வைத்தார். அந்த அளவுகோலை இலக்கண நூல், உரைநூல் என்று எதெதன்மேலோ வைத்துப் பார்த்த தமிழ்ப் புலமை, கட்டடத்துக்குக் கட்டடம் தாவும் ஒருவனின் கதைமேல் மட்டும் இன்றுவரை வைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பழியைத் துடைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம், மார்வெல் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன் ஆம்னிபஸ்’ முதல் தொகுதி. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழில் வந்த பதினோரு பக்கக் கதையில் தொடங்கி, 1963 முதல் 1966 வரை ஸ்பைடர்மேன் பெயரிலேயே வந்த முப்பத்தெட்டு இதழ்களும் இரண்டு ஆண்டு மலர்களும் இதில் அடக்கம். எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. கெட்டி அட்டை, ஆயிரம் பக்கங்களுக்கு மேல். தமிழ்க் காமிக்ஸ் அன்பர்கள் இவ்வகை நூலைக் ‘குண்டு புக்’ என்பர். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வாசிப்பு நிலைகள்

குற்றங்களுக்குள் நுழையுமுன் நூலைத் தூக்க வேண்டும். இரண்டு கிலோவுக்குக் குறையாத நூலை வாசிக்க மூன்று நிலைகள் உள. முதலாவது இருந்த நிலை: மேசைமேல் விரித்து வைத்துப் படிப்பது. இதுவே அறிஞர்க்கு உகந்தது, ஆனால் பார்ப்பவர்கள், “என்ன தம்பி, ஏதும் பரீட்சையா?” என்று கேட்பர். இரண்டாவது ஒருக்களித்த நிலை: பாதி நூல் மெத்தையிலும் பாதி நூல் அந்தரத்திலும் நிற்பது. இதில் இடப்பக்கங்களை மட்டும் வசதியாகப் படிக்கலாம். வலப்பக்கங்களுக்குப் புரண்டு படுக்க வேண்டும். மூன்றாவது கிடந்த நிலை: மல்லாந்து படுத்து நூலை வயிற்றின்மேல் நிறுத்துவது. மூச்சு இழுக்கும்போது ஸ்பைடர்மேன் எழுவான், விடும்போது தாழ்வான். ஓவியர் எண்ணிப்பாராத அசைவு இது. கண் சொருகினால் நூல் மூக்கின்மேல் விழும் என்பதால் நீண்ட நேரம் விழித்திருக்கவும் இது உதவும்.

மிகைபடக் கூறல்

முதலில் அகப்படும் குற்றம் இது. ஸ்பைடர்மேன் வாய் மூடிச் சண்டை போட்டதே இல்லை. வில்லன் டாக்டர் ஆக்டபஸின் இரும்புக் கரம் ஒன்று கழுத்தருகே வந்துகொண்டிருக்கும். அவன் அந்தரத்தில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டே, தான் திரும்புவதைச் சொல்வான். ஏன் திரும்புகிறான் என்பதைச் சொல்வான். திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லி, எதிரியின் உடையைக் கிண்டலும் செய்வான். எல்லாம் ஒரே கட்டத்துக்குள் நடக்கும்.

இதைக் கணக்கால் சோதிப்போம். மனிதன் வேகமாகப் பேசினால் நொடிக்கு மூன்று சொல் வரும். ஒரு பேச்சுப் பலூனில் முப்பது சொல் என்று கொண்டால், பேசி முடிக்கப் பத்து நொடி. காற்றின் தடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பத்து நொடியில் ஒரு பொருள் 490 மீட்டர் விழும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் கூரைவரை 381 மீட்டர். ஆகவே அதன் உச்சியிலிருந்து குதித்தாலும் அவனால் பேச்சை முடிக்க முடியாது. எழுவாய் மேலே, பயனிலை தார்ச்சாலையில். காமிக்ஸ் உலகில் நாக்கைப் புவியீர்ப்பு கட்டுப்படுத்தாது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

காரணம் இயற்பியலில் இல்லை, தொழில்முறையில் இருக்கிறது. மார்வெலில் அன்று முழு வசனத்தையும் எழுதிக்கொண்டு படம் வரையும் வழக்கமில்லை. கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஓவியர் முதலில் பக்கங்களை வரைந்துவிடுவார்; எழுத்தாளர் பின்னால் வந்து பலூன்களை நிரப்புவார். போகப்போகக் கதையையும் டிட்கோவே அமைத்தார். இருவருக்கும் பேச்சு வார்த்தையும் நின்றுபோயிற்று. உதைத்ததை ஓவியர் காட்டிய பிறகு, உதைத்ததை எழுத்தாளர் சொல்கிறார். இருவர் ஒரே செய்தியைத் தனித்தனியாகத் தெரிவித்தால் வாசகனுக்கு அது இரண்டு முறை வந்து சேரும். மாத இதழில் இது சுவை. தொகுப்பில் பத்தாவது இதழைத் தாண்டும்போது, வாசகன் பலூன்களை ஓரக்கண்ணால் மட்டும் பார்க்கத் தேர்ந்துவிடுகிறான்.

கூறியது கூறல்

இக்குற்றமே நூலின் முதுகெலும்பு. சிலந்தி கடித்தது, அதன் கதிரியக்கம், பென் மாமாவின் மரணம், மே அத்தையின் பலவீனமான உடல்நிலை, பத்திரிகை முதலாளி ஜோனா ஜேம்சனின் தீராப் பகை என்ற ஐந்து செய்திகளும் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும். அரை மணி முன்பு படித்ததை இப்போது புதுச்செய்தியாகச் சொல்கிறார்களே என்று தொகுப்பு வாசகன் சினம் கொள்வான்.

அந்தச் சினம் தவறான விலாசத்துக்குப் போகிறது. இந்தக் கதைகள் அவனுக்காக எழுதப்பட்டவை அல்ல. பன்னிரண்டு சென்ட் விலையில், பின் அடித்த மெல்லிய இதழாக, கடையின் சுழலும் கம்பி ரேக்கில் செருகி வைக்கப்பட்டவை. வாங்கிய சிறுவனுக்குப் போன மாத இதழ் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கிடைத்திருந்தாலும் நடுவே ஒரு மாதப் பள்ளிக்கூடம், ஒரு மாதப் பேஸ்பால். ஒவ்வோர் இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழ் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். ஆக, எழுத்தாளர் நம்பியிருந்தது வாசகனின் மறதியை. மறதி என்னும் அடித்தளத்தின்மேல் எழுப்பிய வீட்டை, இடைவெளி எல்லாம் அடைத்து, நினைவாற்றல் என்னும் மின்விளக்கைப் போட்டுப் பார்த்தால் விரிசல் தெரியத்தான் செய்யும்.

தமிழ் வாசகனுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. ஸ்பைடர்மேன் பிறந்த அதே 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் இரும்புக் கை கொண்ட ஒருவன் தொடங்கினான். வாரத்துக்குச் சில பக்கங்களே வருவான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக அவன் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனபோது, முழுக் கதையும் ஒரே புத்தகத்தில் வந்தது. இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி ஏன் ஆபத்தின் விளிம்பில் போய் நின்றார் என்று நம் சிறுவர்கள் வியந்ததில்லை. அவர் சுபாவம் அப்படி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளிம்பு ஒவ்வொன்றும் லண்டனில் ஒரு வாரக் கடைசி. தொகுப்பு வாசிப்பில் நமக்குப் பரம்பரைப் பயிற்சி உண்டு என்க.

மாறுகொளக் கூறல்

முன்னுக்குப் பின் முரண். நாயகனின் இயற்பெயர் பீட்டர் பார்க்கர் என்பது உலகறிந்தது. ஆனால் 1963 மார்ச் தேதியிட்ட முதல் இதழிலேயே ஓரிடத்தில் அவன் ‘பீட்டர் பாமர்’ ஆகிறான். அடுத்த ஆண்டே ஹல்க் கதாபாத்திரமான புரூஸ் பேனர், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 25ஆம் இதழில் ‘பாப் பேனர்’ ஆனார். ஒரே ஆள் ஒரே மாதத்தில் பல இதழ்களுக்கு வசனம் எழுதினால் சொந்த நாயகன் பெயரே நாக்கில் புரளும்.

இலக்கணிகள் வழுவைக் கண்டால் இரண்டு வழிகளில் போவர்: கடிவது ஒன்று, வழுவமைதி சொல்வது ஒன்று. ஸ்டான் லீ இரண்டாம் மரபைச் சேர்ந்தவர். அந்த ஆளின் முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர். ஆகவே பாப் என்றாலும் சரி, புரூஸ் என்றாலும் சரி என்று உரை வகுத்துவிட்டார். இதோடு நில்லாமல், பிழை கண்டுபிடித்து எழுதும் வாசகர்களுக்கு ‘நோ-பிரைஸ்’ என்ற ஒரு பரிசையும் அறிவித்தார். பின்னாளில் பிழையைச் சுட்டினால் போதாது, அது பிழையே அல்ல என்று நிறுவ வேண்டும் என்ற நிலை வந்தது. வென்றவர்க்குத் தபாலில் ஓர் உறை வரும். மேலே, பரிசு உள்ளே இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே ஒன்றும் இராது. உழைத்து உரை எழுதியவர்க்கு உலகம் என்ன கொடுக்குமோ அதையே முன்கூட்டி ஒப்புக்கொண்டு கொடுத்த ஒரே நிறுவனம் இது என்று துணியலாம்.

குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல்

தொகுப்பில் குன்றியவை எவை என்று தேடினால் விளம்பரங்கள் அகப்படும். அக்கால அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களில், கடற்கரையில் முகத்தில் மணல் வாங்கிய ஒல்லிப் பையனைப் பயில்வான் ஆக்கும் சார்லஸ் அட்லஸின் தபால் பயிற்சி விளம்பரம் புகழ்பெற்றது. கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் சிலந்திக்கடியால் பலசாலி ஆகும் கதைக்கு அருகே அதை வைத்துப் பாருங்கள். கதை இலவசமாகத் தருவதை விளம்பரம் மணியார்டரில் தருகிறது. கெட்டி அட்டைக்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள். கதைக்குக் கிடைத்த மிகச் சிறந்த எதிர்உரை போயிற்று.

மற்றொன்று விரித்தலுக்கு 1964இன் முதல் ஆண்டு மலர் சான்று. ஆறு வில்லன்கள் கூட்டணி சேர்கிறார்கள். சேர்ந்தபின் ஆறு பேரும் ஒன்றாக அடிக்காமல், ரேஷன் கடை வரிசைபோல் ஒருவர்பின் ஒருவராக வந்து தோற்கிறார்கள். நடுநடுவே மார்வெலின் பிற நாயகர்கள் சாலையில் எதிர்ப்பட்டுவிட்டுப் போவார்கள். அன்று அது அடுத்த பன்னிரண்டு சென்ட்டுக்கான அழைப்பு. இன்று வழிப்போக்கர் நடமாட்டம்.

சென்று தேய்ந்திறுதல்

இக்குற்றத்தில் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பங்கே இல்லை. வில்லன் கிரீன் கோப்ளின் 14ஆம் இதழில் முகமூடியோடு வருகிறான். யார் அவன் என்ற புதிர் இரண்டு ஆண்டு நீள்கிறது. மேரி ஜேன் என்ற பெண்ணின் பெயர் 15ஆம் இதழில் அடிபடுகிறது. 25ஆம் இதழில் ஆளே வருகிறாள், ஆனால் முகத்தை ஒரு பூச்செடி மறைத்துக்கொள்கிறது. 38ஆம் இதழோடு டிட்கோ வேலையை விட்டுப் போனார். தொகுதியும் அங்கே முடிகிறது. கோப்ளின் முகமூடி கழன்றது 39இல். மேரி ஜேனின் முகம் தெரிந்தது 42இல். இரண்டையும் வரைந்தவர் ஜான் ரொமிட்டா.

ஆயிரம் பக்கம் சுமந்தவனுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் விடை, இன்னொரு கெட்டி அட்டைக்குள் இன்னொரு விலையில் இருக்கிறது. மாத வாசகன் ஒரு மாதம் காத்திருந்தால் போதும். குண்டு புக் வாசகன் அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நின்று பயன் இன்மை

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவு. மிகையும் மீள்கூறலும் முரணும் குறையும் முடிவின்மையும் பன்னிரண்டு சென்ட் இதழில் குற்றமாக இருக்கவில்லை. அங்கே அவை கடமைகள், அல்லது யாரும் கவனியாதவை. அடுக்கித் தைத்து அட்டை போட்ட அன்றுதான் குற்றமாயின. குற்றம் நூலில் இல்லை, பைண்டிங்கில் இருக்கிறது.

அப்படியானால் தொகுப்பே வீண் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அவர்களுக்கு மறுப்பு 33ஆம் இதழ்.

1964 மார்ச் தேதியிட்ட 10ஆம் இதழில் மே அத்தை மருத்துவமனையில். பீட்டர் ரத்தம் கொடுக்கிறான். பெற்ற மகன்போல் வளர்ந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தான் என்று கதை கடந்து போகிறது. 1966 ஜனவரி தேதியிட்ட 32இல், அத்தை சாகக் கிடக்கிறாள். ரத்தத்தில் கதிரியக்கம் என்கிறார்கள் மருத்துவர்கள். கொடுத்தது அவன் ரத்தம். பென் மாமா சாவுக்குத் தன் அலட்சியம் காரணம் என்று தேம்பியவன், இம்முறை அன்பே காரணம் என்று அறிகிறான். நடுவே இருபத்திரண்டு மாதம். மாத வாசகன் பத்தாம் இதழை மறந்திருப்பான், அல்லது தம்பிக்குக் கொடுத்திருப்பான். தொகுப்பு வாசகனுக்கோ அந்தப் பத்தாம் இதழ் ஒரு கட்டைவிரல் கனத்துக்கு முன்னால், அதே கையில் இருக்கிறது. திருப்பிப் பார்க்கலாம். பார்க்கிறான்.

அடுத்து 33. அத்தையைக் காக்கும் மருந்து கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் கிடக்கிறது. அவன்மேல் மலைபோல் ஓர் இயந்திரம். மேலே கூரை கசிந்து நீர் சொட்டுகிறது. கிட்டத்தட்ட ஐந்து பக்கம், வில்லன் இல்லை, தாவல் இல்லை. ஒருவன் எழுந்திருக்கிறான், அவ்வளவே. டிட்கோ முதலில் கட்டங்களைச் சிறிதாக்கி நெருக்குகிறார். இயந்திரம் அசைய அசையக் கட்டமும் விரிகிறது. தூக்கி எறியும் கணத்துக்கு ஒரு முழுப் பக்கம். லீ இங்கும் பலூன்களை நிரப்பியிருக்கிறார். ஆனால் சுமையை வாசகனும் கையில் தாங்கிக்கொண்டிருப்பதால் மிகை தெரியவில்லை. முப்பத்திரண்டு முறை கேட்டுச் சலித்த அத்தையும் மாமாவும் பழியும் இங்கே முதல் முறையாகப் பயன்படுகின்றன. கூறியது கூறாதிருந்தால் இந்த இயந்திரத்துக்கு எடையே இருந்திராது.

ஆகவே முடிபு: குற்றத்தைப் போலவே பயனும் பைண்டிங்கிலேயே இருக்கிறது. நடைமுறைக்கு ஒரு விதியும் பரிந்துரைக்கப்படும். முதல் முப்பது இதழ்களையும் நாளுக்கு ஒன்றாக, மறக்கும் அளவு இடைவெளி விட்டு வாசிக்கவும். 31, 32, 33 மூன்றையும் ஒரே இரவில் வாசிக்கவும். 34 முதல் 38 வரை இரண்டாம் தொகுதி வீட்டுக்கு வந்து சேரும்வரை தொடவேண்டாம். அதற்கான தொகையை வீட்டில் கேட்கும்போது, ‘ஆய்வுச் செலவு’ என்ற சொல்லை இவ்வாய்வாளர் யாருக்கும் இலவசமாக வழங்கத் தயார்.